கீமோ நாட்களில் பொறுத்துக்கொள்ளாதீர்கள், சொல்லுங்கள்

கீமோதெரபி எடுத்துக்கொள்கிறவர்களின் உபாதைகளில் ஏறக்குறைய பாதி, மருத்துவரின் கவனத்துக்கு வருவதே இல்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இது எப்படி நடக்கிறது என்று எந்தப் புறநோயாளிப் பிரிவிலும் பார்க்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நோயாளி வருகிறார், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டுகிறார். “எப்படி இருக்கீங்க?” என்கிறார் டாக்டர். “பரவால்ல டாக்டர்” என்று பதில் வருகிறது. அடுத்த சைக்கிளுக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது. போன வாரம் நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்ததும், வாயெல்லாம் புண்ணாகித் தண்ணீர் குடிக்கவே பயந்ததும், கால் மரத்துச் செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாமல் நடந்ததும் அந்த அறைக்குள் பேச்சாக வருவதில்லை. வீட்டுக்குப் போனால் எல்லோரும் சொல்கிறார்கள்: “கீமோன்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கத்தான் வேணும்.” இந்தப் பொறுமையைத்தான் நான் இங்கே மறுக்க வந்திருக்கிறேன். கீமோவின் பக்கவிளைவைச் சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதி. சொல்லாமல் விடுவதால் நோயாளிக்கு எந்த லாபமும் இல்லை. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்து வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள, மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கேன்சர் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. பெருகிக்கொண்டிருக்கும் செல்லைத் தாக்குவதே பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை. ஆனால் உடம்பில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் செல்களும் இருக்கின்றன: எலும்பு மஜ்ஜை, வாய் மற்றும் குடலின் உட்படலம், முடியின் வேர். மருந்து இவற்றையும் விட்டுவைப்பதில்லை. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஒவ்வொரு பாதிப்புக்கும் அதற்கென்று ஒரு காலம் உண்டு என்பது. குமட்டலும் வாந்தியும் முதல் நாளிலேயே வரும். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை நீளும். வாய்ப்புண் பெரும்பாலும் முதல் வாரக் கடைசியில் தலைகாட்டும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களின் ஆயுள் மிகக் குறைவு என்பதால், ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் அவற்றின் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்பவை. அதனால் ரத்தசோகை மெதுவாக, சில சைக்கிள்கள் கழித்துத்தான் தெரியும். முடி இரண்டு மூன்று வாரத்தில் உதிரத் தொடங்கும். நரம்பு மரத்துப்போவது டோஸ் சேரச் சேரக் கூடும். ஆக, எது எப்போது வரும் என்பது பெருமளவு முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அப்படித் தெரிந்த ஒன்றுக்குத் தயாராக இருக்கலாம், வந்த உடனே மடக்கவும் செய்யலாம். அதற்கு ஒரே ஒரு தேவை, வந்திருக்கிறது என்ற செய்தி சிகிச்சை தருகிறவரைச் சென்று சேர்வது.

பக்கவிளைவை மடக்க முடியும் என்பதையே கீமோவின் வரலாறும் சொல்கிறது. 1948இல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை வெளியிட்டார். அந்த மருந்தை உருவாக்கிய ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவ். அந்த முதல் வெற்றியோடு கூடவே வாய்ப்புண்ணும் பதிவாகியிருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின், விரைப் புற்றுநோயைக் குணமாக்கக்கூடிய நோயாக மாற்றியது. ஆனால் தடுப்பு மருந்து இல்லாமல் அதைப் போட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். வாந்தி தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. 1991இல் வாந்தியைத் தடுக்கும் ஒன்டான்செட்ரான் வந்தது. அதே ஆண்டில், வெள்ளையணுக்களை உயர்த்தும் ஃபில்கிராஸ்டிம் ஊசியும் வந்தது. 2003இல் இன்னொரு வாந்தித் தடுப்பு மருந்தான அப்ரெபிடன்ட் வந்தது. கேன்சரைத் தாக்கும் மருந்துகள் எவ்வளவு முன்னேறினவோ, அவற்றைத் தாங்க வைக்கும் மருந்துகளும் அவ்வளவு முன்னேறியிருக்கின்றன. நம் தாத்தா பாட்டி காலத்து கீமோ கதைகளைக் கேட்டு “அப்படித்தான் இருக்கும்” என்று இன்றைக்கும் முடிவு கட்டுகிறவர்கள், இடையில் நடந்த இந்த வேலை அனைத்தையும் இல்லாததாக்கிவிடுகிறார்கள்.

சரி, மருந்துகள் இருக்கின்றன. உபாதையை வாய்விட்டுச் சொல்வதால் மட்டும் என்ன வித்தியாசம் வந்துவிடும்? இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், பரவிய நிலை புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை ஈதன் பாஷ் என்ற மருத்துவர் தலைமையிலான குழு இரண்டு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினர் குமட்டல், வலி, மூச்சுத்திணறல், பேதி, சோர்வு போன்ற பன்னிரண்டு உபாதைகள் எந்த அளவில் இருக்கின்றன என்று கணினி வழியே பதிவு செய்தார்கள். ஏதாவது ஒன்று கடுமையானால் நர்ஸுக்குத் தகவல் போகும். புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை, புதிய சிகிச்சைக் கருவியும் இல்லை. வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகச் சொன்னவர்கள் பதிவு செய்த பிரிவில் 34 சதவீதம், மற்ற பிரிவில் 18 சதவீதம். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தவர்கள் முறையே 34, 41 சதவீதம். 2017இல் வெளியான தொடர் முடிவில், பதிவு செய்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26 மாதம். ஐந்து மாத வித்தியாசம். பரவிய நிலை புற்றுநோயில் இந்த அளவு பலன் தந்தால், எந்தப் புதிய மருந்தையும் கொண்டாடியிருப்பார்கள்.

இங்கே ஒருவர் மறித்துக் கேட்கலாம்: ஒரே மருத்துவமனை, அதுவும் உலகத்தின் தலைசிறந்த மருத்துவமனைகளில் ஒன்று; அந்த முடிவை எல்லோருக்கும் பொருத்துவது சரியா? நியாயமான கேள்வி. அதே குழு பிறகு அமெரிக்கா முழுக்க 52 சாதாரணச் சிகிச்சை மையங்களில், 1,191 பேரிடம் இதைப் பரிசோதித்தது. அந்தப் பெரிய ஆய்வில் ஆயுட்காலம் நீண்டதாக முடிவு வரவில்லை. ஆனால் உடல் இயக்கம், உபாதைகளின் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் மூன்றும் தெளிவாக மேம்பட்டன. அவசரப் பிரிவுக்கு முதன்முறை ஓட வேண்டிய நிலையும் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. ஆகவே, உபாதையைச் சொன்னால் கட்டாயம் ஆயுள் நீளும் என்று நான் சொல்லமாட்டேன். இருக்கும் நாட்கள் நல்ல நாட்களாக இருக்கும் என்பதற்கும், ஆஸ்பத்திரி அலைச்சல் குறையும் என்பதற்கும் ஆதாரம் திடமானது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இதுவே பெரிய விஷயம்.

பொறுத்துக்கொள்ளும் பழக்கம் உயிரைப் பறிக்கக்கூடிய இடம் காய்ச்சல். வெள்ளையணுக் கவுன்ட் குறைந்திருக்கும் அந்த இரண்டாவது வாரத்தில், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே போய்விடலாம். அந்நேரம் உள்ளே நுழையும் கிருமியை எதிர்க்க ஆளே இல்லை. சீழ் பிடிக்கவும் வெள்ளையணு வேண்டும் என்பதால், தொற்று இருக்கும் இடத்தில் சீழோ வீக்கமோகூடத் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி உடம்பில் ஏற வேண்டும் என்று உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? நெற்றியைத் தொட்டுப் பார்த்து “லேசாத்தான் இருக்கு” என்கிறோம். பாராசிட்டமால் ஒன்று கொடுத்துப் படுக்க வைக்கிறோம். மாத்திரை காய்ச்சலை மறைக்கிறது, தொற்று உள்ளே வளர்கிறது. காலையில் கை கால் சில்லிட்டு, ரத்த அழுத்தம் இறங்கி, பேச்சு குழறிய பிறகு வண்டி பிடிக்கிறோம். அதனால் கீமோ எடுப்பவர் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். அளந்து பார்க்காமல், மருத்துவமனையைக் கேட்காமல் பாராசிட்டமால் போடக் கூடாது. குளிர் நடுக்கம் வந்தால், தெர்மாமீட்டர் காட்டாவிட்டாலும் கூப்பிட வேண்டும்.

“அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு எங்க ஊரிலிருந்து ஆறு மணி நேரம், ராத்திரியில எங்க போறது?” என்பது இதற்கு வரும் பதில். உண்மையான சிரமம்தான். வெளியூரிலிருந்து வந்து சிகிச்சை எடுப்பவர்களால் நம் பெரிய கேன்சர் மருத்துவமனைகள் நிறைந்திருக்கின்றன. ஆனால் முதல் ஆன்டிபயாடிக் ஊசியைக் கேன்சர் மருத்துவமனையிலேயே போட வேண்டும் என்பதில்லை. பக்கத்து அரசு மருத்துவமனையிலோ, இரவில் திறந்திருக்கும் தனியார் மருத்துவமனையிலோ தொடங்கலாம். அங்கே போனதும் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டியது இது: “கீமோ போட்டுப் பத்து நாள் ஆச்சு, காய்ச்சல் 101 இருக்கு.” வெறும் “காய்ச்சல்” என்று சொன்னால் வரிசையில் உட்கார வைப்பார்கள். கீமோ என்று சொன்னால் நிலைமை மாறும். எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனையாவது சைக்கிள் என்பது எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை எப்போதும் பையில் வைத்திருங்கள். முதல் சைக்கிள் முடிந்து வீடு திரும்பும் முன்பே, “ராத்திரியில் காய்ச்சல் வந்தால் எங்கே போக வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும்?” என்று கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பலர் மனதில் இருந்தும் வாயில் வராத பயம் ஒன்று: “சொன்னால் டோஸைக் குறைத்துவிடுவார்கள், அப்புறம் நோய் திரும்பி வந்துவிடும்.” இது ஆதாரமில்லாத பயம் இல்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பின் கீமோ எடுத்தவர்களை இருபது ஆண்டு பின்தொடர்ந்து இத்தாலிய மருத்துவர் பொனடோனா 1995இல் வெளியிட்ட ஆய்வில், திட்டமிட்ட டோஸில் 85 சதவீதத்துக்கு மேல் பெற்றவர்களுக்குத்தான் நல்ல பலன். 65 சதவீதத்துக்குக் கீழே பெற்றவர்களுக்குக் கீமோவால் பலன் தெரியவில்லை. குணமாக்கும் நோக்கில் தரப்படும் கீமோவில் டோஸ் முக்கியம் என்பதை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார். ஆனால் டோஸைக் காப்பாற்றுவது மௌனம் என்று நினைப்பதுதான் தவறு. பேதியைச் சொல்லாமல் வைத்திருந்து நீர் வற்றி அட்மிட் ஆகிறவருக்குத்தான் அடுத்த சைக்கிள் தள்ளிப்போகிறது. நியூயார்க் ஆய்வின் இன்னொரு எண்ணைப் பாருங்கள்: உபாதைகளைப் பதிவு செய்தவர்களால் சராசரியாக 8.2 மாதம் கீமோவில் தொடர முடிந்தது, மற்றவர்களால் 6.3 மாதம்தான். வாய் திறந்தவர்களுக்கே கூடுதல் சிகிச்சை கிடைத்திருக்கிறது.

சில நேரம் டோஸைக் குறைப்பதே சரியான மருத்துவம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருங்குடல் புற்றுநோயில் அறுவை சிகிச்சைக்குப் பின் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின், கை கால் நரம்புகளைப் பாதிக்கும். போட்ட சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே ஷாக் அடித்ததுபோல் சுரீர் என்னும். சைக்கிள் கூடக் கூட மரப்பு நிரந்தரமாகத் தங்கத் தொடங்கும். வழக்கமாக ஆறு மாதம் கொடுத்துவந்ததை மூன்று மாதமாகக் குறைத்தால் என்ன ஆகும் என்று 12,834 பேரை வைத்து ஆராய்ந்த முடிவு 2018இல் வந்தது. ஆபத்து குறைந்த பிரிவினருக்கு மூன்று மாதமும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது, நரம்புப் பாதிப்போ பாதிக்கும் மிகக் கீழே இறங்கியது. இந்த மருந்தின் நரம்புப் பாதிப்புக்கு இன்னொரு குணமும் உண்டு: மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் அது கூடிக்கொண்டே போகலாம். சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க வரவில்லை, பேனா பிடிக்க முடியவில்லை என்ற நிலை வந்த பிறகு சொன்னால் காலம் கடந்துவிடுகிறது. எரிச்சலும் வலியும் உள்ள நரம்புப் பாதிப்புக்கு டுலாக்ஸெட்டின் ஓரளவு உதவும் என்று 2013இல் ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் போன உணர்ச்சியைத் திருப்பித் தரும் மருந்து இதுவரை இல்லை. இங்கே மருத்துவரின் கையில் இருக்கும் முக்கியமான ஆயுதம், சரியான நேரத்தில் டோஸை மாற்றுவது. அந்த நேரம் எது என்பதை நோயாளியின் விரல்தான் சொல்ல முடியும். ரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ அது தெரியாது.

“சொன்னாலும் அவங்களால என்ன செய்ய முடியும்?” என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகளைக் காட்டலாம். கேப்சிடபின் மாத்திரை எடுப்பவர்களில் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். டெல்லி எய்ம்ஸில் 264 பேரிடம் நடத்திய ஆய்வில், மூட்டுவலிக்குத் தடவுகிற சாதாரண டைக்ளோஃபினாக் ஜெல்லைக் கைகளில் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்கே அது நடுத்தர அளவையோ அதற்கு மேலேயோ எட்டியது. மருந்தில்லா ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். 2024இல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டில் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு, வாந்தியைத் தடுக்கத் தரப்படும் ஓலன்சபின் மாத்திரையை 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராம் கொடுத்தாலே போதும், வாந்தி அதே அளவு அடங்குகிறது, பகல் தூக்கம் குறைகிறது என்று காட்டியது. இரண்டுமே விலை மலிவான மருந்துகள். 5-எஃப்யூ ஊசி வேகமாக ஏற்றப்படும்போது வாயில் ஐஸ் துண்டுகளை வைத்துக்கொண்டால், வாயின் ரத்த ஓட்டம் குறைந்து வாய்ப்புண் குறைகிறது என்பதும் நிரூபிக்கப்பட்டது. ஆனால் அதோடு ஆக்சாலிபிளாட்டினும் போடுகிறவருக்கு இதே ஐஸ் தொண்டையை இறுக்கிப்பிடிக்கும். ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு உபத்திரவம் ஆகும் என்பதால்தான், பக்கத்துப் படுக்கைக்காரரின் யோசனையைக் கேட்பதைவிட உங்கள் டாக்டரைக் கேட்பது முக்கியம்.

வாந்தியைப் பற்றி இன்னொரு விஷயம். முதல் சைக்கிளில் கடுமையாக வாந்தி எடுத்தவருக்கு, அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே, டிரிப் ஸ்டாண்டைப் பார்த்தாலே குமட்டும். மூளை அந்த இடத்தையும் வாந்தியையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்கிறது. இப்படி ஒருமுறை பதிந்த குமட்டலுக்கு மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. இதைத் தடுக்கச் சிறந்த வழி, முதல் சைக்கிளிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வது. வாந்தி வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தடுப்பு மாத்திரையைத் தள்ளிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொடுத்த மாத்திரையைப் போட்டும் வாந்தி நிற்கவில்லை என்றால், வேறு வகையைச் சேர்ந்த இன்னும் மூன்று நான்கு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று வேலை செய்யவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்ததைக் கொடுப்பார்கள்.

கீமோவில் அதிகம் பேரை வாட்டுவதும், மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும் சோர்வு. அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது, குளித்துவிட்டு வந்தால் உட்கார வேண்டியிருக்கிறது என்பார்கள். தூங்கி எழுந்தாலும் தீராத சோர்வு இது. நல்லா ரெஸ்ட் எடு, நடக்காதே, கீழே இறங்காதே என்று வீடு அன்போடு தடுக்கிறது. 113 ஆய்வுகளை, பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து 2017இல் வந்த பகுப்பாய்வு வேறு விதமாகச் சொல்கிறது: கேன்சர் சோர்வுக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் அதிகப் பலன் தருகின்றன. ஒலிம்பிக்குக்குத் தயாராகும் பயிற்சியில்லை. மொட்டை மாடியில் காலையும் மாலையும் பத்து நிமிடம் நடப்பதில் தொடங்கலாம். ஆனால் சோர்வு என்று சொன்னால்தான் டாக்டர் ஹீமோகுளோபின், தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்ப்பார். இவற்றில் ஏதாவது காரணமாக இருந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

“டாக்டருக்கு நேரமே இல்லையே, ஒரு நிமிஷத்துல அனுப்பிடுறாங்க” என்பது நியாயமான குறை. நம் மருத்துவமனைகளில் ஒரு மருத்துவர் ஒரே நாளில் பார்க்கும் கூட்டம் அப்படி. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியது மருத்துவமனைகளும் அரசும். ஒவ்வொரு கீமோ மையத்திலும் நோயாளி கூப்பிட்டால் எடுக்கும் ஒரு போன் எண்ணும், உபாதைகளைக் கேட்டு எழுதும் ஒரு நர்ஸும் இருந்தாக வேண்டும் என்பதே நான் மேலே சொன்ன ஆய்வுகளின் பாடம். அதுவரை, கிடைக்கும் ஒரு நிமிடத்தை நோயாளி எப்படிப் பயன்படுத்துவது? ஒரு சின்ன நோட்டு போதும். “ரொம்ப வாந்தி” என்பதைவிட “மூணாம் நாள்லேருந்து தினம் ஆறு தடவை, தண்ணிகூட நிக்கல” என்பது மருத்துவருக்கு உடனே புரியும். மருத்துவர்கள் பக்கவிளைவுகளை ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் பிரித்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பேதியானால் வழக்கத்தைவிட எத்தனை தடவை அதிகம், வாய்ப்புண்ணானால் திட உணவு இறங்குகிறதா கஞ்சி மட்டுமா, மரப்பானால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. இப்படி எழுதி வைத்ததில் மிகக் கடுமையான இரண்டை முதலில் சொல்லுங்கள். மீதியை டே-கேர் நர்ஸிடம் சொல்லுங்கள். டிரிப் ஏறும் மணிக்கணக்கான நேரத்தில் அவர் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்.

குடும்பத்துக்குள்ளும் ஒரு மௌனம் இருக்கிறது. மனசு தைரியமாக இருந்தால் நோய் ஓடிவிடும், எதிர்மறையாகப் பேசாதே என்று ஆளுக்கு ஆள் சொல்வதால், நோயாளி தன் வலியைச் சொல்வதையே தோல்வியாக நினைக்கத் தொடங்குகிறார். பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு அடுப்படியிலும் நிற்கிறார்கள். மலச்சிக்கல், ஆசனவாய்ப் புண், பிறப்புறுப்பு வறட்சி, மாதவிடாய் நின்றுபோவது, தாம்பத்தியத்தில் வலி, இவற்றைச் சொல்லக் கூச்சம். இவற்றுக்கும் மருந்து இருக்கிறது. வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளில் மலச்சிக்கல் முற்றினால் குடலின் இயக்கமே நின்றுபோகலாம் என்பதால் கூச்சத்துக்கு இடமில்லை. குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர்கள், விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிக்கும் பேச்சை முதல் சைக்கிளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். தைரியம் என்பது வலியை விழுங்குவதில் இல்லை. அழுகையும் பயமும் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கேன்சர் நோயாளிகளின் மனச்சோர்வு சிகிச்சை உள்ள ஒரு நோய்.

இன்னொரு தரப்பு, இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னால் இல்லாத உபாதையும் வந்துவிடும் என்கிறது. குமட்டும் என்று பலமாக எதிர்பார்ப்பவருக்குக் குமட்டல் கூடுவது உண்மையே. அதற்காக விஷயத்தை மறைப்பது தீர்வாகாது; சொல்லும் விதத்தை மாற்றினால் போதும். “முடி கொட்டும், வாய் புண்ணாகும், வாந்தி வரும்” என்று வெறும் பட்டியலாகக் கொட்டினால் பயம்தான் மிஞ்சும். “இது இந்த வாரத்தில் வரலாம், எல்லோருக்கும் வராது, வந்தால் இந்த மாத்திரை, இந்த அளவைத் தாண்டினால் இந்த எண்” என்று சொன்னால் அதே செய்தி பிடிமானமாகிறது. டாக்ஸோரூபிசின் போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தமில்லை, மருந்தின் நிறம் என்று ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் ஒரு குடும்பத்தின் ஒரு ராத்திரித் தூக்கம் மிச்சமாகும்.

உபாதைகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, வீட்டில் கூடவே எடுத்துக்கொள்ளும் வேறு மருந்துகள். பப்பாளி இலைச் சாறு, முள்ளு சீத்தா, மூலிகைப் பொடி, இறக்குமதி செய்த சத்து மாவு என்று அக்கறை உள்ள உறவினர்கள் ஏதாவது கொண்டுவந்து தருகிறார்கள். திட்டுவார்கள் என்று பயந்து டாக்டரிடம் மறைக்கிறார்கள். சில மூலிகைகள் ஈரல் கீமோ மருந்தைக் கையாளும் வேகத்தை மாற்றிவிடும். மருந்து தேவைக்கு மேல் தங்கும், அல்லது வேலை செய்யும் முன்பே வெளியேறும். ஈரல் பரிசோதனையில் எண்கள் ஏறினால், காரணம் கீமோவா பொடியா என்று தெரியாமல் கீமோவை நிறுத்துவார்கள். சமையலில் போடும் மஞ்சளும் இஞ்சியும் பிரச்சினை இல்லை. மாத்திரையாகவும் கேப்சூலாகவும் அதிக அளவில் எடுப்பதைத்தான் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

நோய் குணமாகும் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு இந்த வாதம் இன்னும் வலுவாகப் பொருந்தும். அங்கே கீமோவின் நோக்கமே இருக்கும் காலத்தை நன்றாக வாழ வைப்பது. அந்த மருந்தே படுக்கையில் தள்ளினால், தொடரலாமா என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் பாஸ்டனில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கத்திலிருந்தே வலி நிவாரணப் பராமரிப்பும் பெற்றவர்கள் இறுதிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்தார்கள். ஆனாலும் இடைநிலையில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். உபாதையைக் குறைப்பது நோயிடம் தோற்றுப்போவது என்று நினைப்பவர்கள் இந்த எண்களை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர்களிடமும் அவர்களோடு அட்டெண்டராக அலைகிறவர்களிடமும் என் வேண்டுகோள் இது. ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, ஒரு போன் எண், டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், இந்த நான்கும் அடுத்த சைக்கிளுக்கு முன் கையில் இருக்கட்டும். 100.4ஐத் தொடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், நிற்காத வாந்தி பேதி, மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு, இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்காதீர்கள். மற்றவற்றை அன்றன்றைக்கே எழுதிவைத்து, அடுத்த முறை டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்கும்போது நோட்டைத் திறந்து வாசித்துக் காட்டுங்கள். தொந்தரவு தருகிறோமோ என்று தயங்க வேண்டாம். உங்கள் உடம்பில் நடப்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் அவருக்குச் சொல்ல முடியாது.